குரலும் தன்மையும்

மூடிய கதவைத் தட்டுகிறோம். உள்ளிருந்து 'யார்?' என்று வினவுகிறார்கள். 'நான்தான்' என்கிறோம், கதவு திறக்கிறது. பெயரைச் சொல்லவில்லை, உறவைச் சொல்லவில்லை. உலகத்தில் எவரும் தம்மைக் குறித்துச் சொல்லக்கூடிய பொதுச்சொல் ஒன்றையே சொன்னோம். அச்சொல்லைத் தாங்கிச் சென்ற குரல்தான் நம்மை இன்னார் என்று அறிவித்தது.

தொல்காப்பியர் எழுத்துகளின் பிறப்பைக் கூற வந்தவிடத்து, உந்தியிலிருந்து எழும் காற்றிலிருந்து தொடங்கினார். அக்காற்றுத் தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு ஒலியாகிறது என்பது பிறப்பியலின் கருத்து. இக்காலப் பேச்சுப் பயிற்சி மருத்துவர் ஒருவர் இதைக் கேட்டால் தம் பாடநூலின் முதல் அதிகாரம் என்றே எண்ணுவார். குரல் உடலிலிருந்து பிறக்கிறது. உடலையோ நம்மில் எவரும் தேர்ந்தெடுத்துப் பிறக்கவில்லை. ஆக, 'நான் இன்னார்' என்று உலகுக்கு அறிவிக்கும் கருவி நம்மைக் கேளாமலே நமக்கு அளிக்கப்பட்டது. பெரும்பாலோர் இதனை ஒரு குறையாக உணர்வதே இல்லை. உணர்கிறவர்கள் சிலர் உண்டு. பிறப்புச் சான்றிதழில் ஆண் என்று எழுதப்பட்டுப் பெண்ணாக வாழத் தலைப்பட்ட திருநங்கையரும், பெண் என்று எழுதப்பட்டு ஆணாக வாழத் தலைப்பட்ட திருநம்பியரும் அவர்கள். அவர்களுக்கு 'நான்தான்' என்ற சொல்லே எளிதில் வாயினின்று வருவதில்லை.

இதன் காரணம் உடற்கூற்றில் இருக்கிறது. ஆண்பிள்ளைகள் பருவமெய்தும்போது ஆண்மைச் சுரப்பு குரல்வளையைப் பெரிதாக்கிக் குரல்நாண்களைத் தடிக்கச் செய்கிறது. நாண் நீண்டு தடித்தால் அதிர்வு குறையும், குரல் தாழும். வளர்ந்த ஆணின் பேச்சுக் குரல் நொடிக்கு ஏறத்தாழ 120 அதிர்வுகளையும், பெண்ணின் குரல் ஏறத்தாழ 200 அதிர்வுகளையும் ஒட்டி நிற்கிறது. ஆர்மோனியத்தின் முன் அமர்ந்து பழகியவர்கள் இதையே வேறு கணக்கில் அறிவார்கள்: ஆடவர் பொதுவாக ஒரு கட்டையை ஒட்டியும், பெண்டிர் ஐந்து கட்டையை ஒட்டியும் சுருதி வைத்துப் பாடுவர். திருநம்பி ஆண்மைச் சுரப்பை மருந்தாக ஏற்கும்போது சில மாதங்களில் குரல் உடையத் தொடங்கி, ஓராண்டு அளவில் பெரிதும் தாழ்ந்துவிடும். திருநங்கைக்கு அந்த வாய்ப்பு இல்லை. பெண்மைச் சுரப்பு தோலை மென்மையாக்கும். உடல்வடிவைச் சிறிது மாற்றும். ஒருமுறை தடித்துவிட்ட நாண்களை மெலியச் செய்யாது. சேலையும் பூவும் பொட்டும் ஒரே நாளில் அமைந்துவிடுகின்றன. குரலுக்கோ மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கிறது. முகத்தைப் பார்த்து 'அக்கா' என்று தொடங்கிய கடைக்காரர் ஒரு சொல் காதில் விழுந்ததும் 'அண்ணே' என்று மாறிவிடுவார். அதற்கு அஞ்சியே வாய் திறவாமல், விரலால் சுட்டிக்காட்டிப் பொருள் வாங்கி வருவோர் உண்டு. பேசத் தெரிந்தும் ஊமையாய் நிற்கும் நிலை இது.

இந்நிலையில் ஒருவர் தம் குரலைப் பயிற்சியால் மாற்றிக்கொண்டால், அது மெய்யா, பொய்யா? இதுவே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட வினா. 'உள்ளது ஒரு குரல், காட்டுவது ஒரு குரல், இது நடிப்பன்றோ?' என்று கேட்பவர்கள் தீயவர்கள் அல்லர். நம் வீட்டுப் பெரியவர்களே இப்படிக் கேட்பார்கள். ஆதலின் இவ்வினாவை எள்ளி ஒதுக்காமல் விடை தேடுவதே முறை.

நடிப்பு என்ற சொல் வந்துவிட்டதால் நாடக மேடையைச் சிறிது பார்ப்போம். சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாலர் நாடகக் குழுக்களில் சிறுவர்களே பெண்வேடம் பூண்டனர். 'ஸ்திரீபார்ட்' என்று பெயர்பெற்ற அவ்வேடத்திற்கு உயிர்நாடி குரலே. பதின்ம வயதில் குரல் உடைவதை அவர்கள் 'மகரக்கட்டு' என்றார்கள். அது வந்ததும் அதுவரை மேடையை ஆண்ட சிறுவன் வேடமின்றி நிற்க நேர்ந்ததும் உண்டு. அம்மரபில் வளர்ந்த டி. கே. சண்முகம் ஔவையாராக வேடமேற்று மூதாட்டியின் குரலில் பேசினார். தமிழுலகம் அவரைப் பொய்யர் என்று தூற்றவில்லை. 'ஔவை சண்முகம்' என்று பாட்டியின் பெயரையே அவர் பெயருக்கு முன் சூட்டி மகிழ்ந்தது. சென்னையில் ஒரு சாலைக்கும் அப்பெயரை இட்டது. 1935-இல் வெளிவந்த நந்தனார் படத்தில் அந்த அடியாராகவே நடித்துப் பாடினார் கே. பி. சுந்தராம்பாள். பெண்ணின் மிடற்றில் நந்தனாரின் உருக்கத்தைக் கேட்ட நம் முன்னோர்க்கு அது வஞ்சகமாகத் தோன்றவில்லை. மேடையில் மூன்று மணி நேரம் ஏற்றுக்கொண்ட ஒன்றை வாழ்க்கையில் ஏற்க மறுக்கிறோமே, ஏன்? 'மேடையில் நடப்பது நடிப்பு என்று நமக்குத் தெரியும். வாழ்வில் அவர்கள் நம்மை ஏமாற்றுகிறார்கள்' என்பதே எதிர்வாதமாகும்.

உண்மையில் நிலைமை தலைகீழானது. திருநங்கை நடித்த காலம் ஒன்றுண்டு. பள்ளிக்கூடத்தில் ஆண்பிள்ளையைப்போல் பேச வேண்டும் என்பதற்காகத் தொண்டையை இறுக்கிக் குரலைத் தாழ்த்திக்கொண்ட காலம் அது. அக்குரலை நாம் இயல்பு என்று எண்ணிப் பாராட்டினோம். வாய்மைக்கு இலக்கணம் கூறப் புகுந்த வள்ளுவர், நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறு உரைத்தல் என்று கூறி நின்றுவிடவில்லை. பிறர்க்குத் தீங்கு பயவாத சொல்லைச் சொல்லுதல் என்றார். நெஞ்சறிந்த பொய்யைச் சொல்லலாகாது என்றும் அதே அதிகாரத்தில் அறிவுறுத்தினார். இவ்விரு கோல்களாலும் அளந்து பார்த்தால், பயின்றுபெற்ற குரல் எவருக்கும் தீங்கு செய்வதில்லை. நெஞ்சறிந்ததற்கு மாறாகவும் அது ஒலிப்பதில்லை. எந்தக் குரல் பொய் என்ற வினாவுக்குச் சொல்வோரின் நெஞ்சே சான்று. கேட்போரின் பழக்கம் சான்றாகாது.

பயின்றுபெற்ற குரலைப் பற்றி நமக்கு எவரும் எடுத்துரைக்கத் தேவையில்லை. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இங்கே உல்லாஸ்நகரிலும் வாழும் தமிழ்க் குடும்பத்தில் எவர்க்கும் ஒரு குரல் மட்டும் இருப்பதில்லை. வீட்டில் நெல்லைத் தமிழ். ரயிலில் பம்பாய் இந்தி. அலுவலகத்தில் அளந்து பேசும் ஆங்கிலம். காய்கறிச் சந்தையில் அரைகுறை மராத்தி. 1966-இல் சிவசேனை தோன்றியதை அடுத்து, தென்னாட்டவர்க்கு எதிராகக் கிளர்ச்சிகள் எழுந்த ஆண்டுகளில், மின்ரயிலில் தமிழ் பேசினால் தலைகள் திரும்புமே என்று குரலைத் தாழ்த்திக்கொண்ட பெரியவர்கள் நம்மிடையே உண்டு. வாய் திறந்தால் காட்டிக்கொடுத்துவிடும் என்று அஞ்சும் அச்சம் எத்தகையது என்பதை அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இந்நகரமே அத்தகையோரின் நகரம். போர்க்காலத்துப் பாசறையாயிருந்து, பிரிவினையில் ஊரிழந்து வந்த சிந்தி மக்களின் இருப்பிடமாகி, 1949-இல் இராஜாஜி அடிக்கல் நாட்ட உல்லாஸ்நகர் என்று பெயர்பெற்றது. வீடும் நிலமும் இழந்து வந்தவர்கள் உடன் கொண்டுவந்தது தம் பேச்சு ஒன்றைத்தான்.

இந்தப் பன்மொழி வாழ்வு திருநங்கையர்க்கு வேறொரு சிக்கலையும், அதனோடு ஒரு வியப்பையும் தருகிறது. தமிழிலக்கணத்தில் 'நான்', 'நாம்' என்பன தன்மை இடம். தன்மைக்குப் பால் இல்லை. 'நான் போகிறேன்' என்று ஆணும் சொல்லலாம், பெண்ணும் சொல்லலாம். இந்தியில் அவ்வாறன்று. ஆண் 'ஜாதா ஹூம்' என்றும் பெண் 'ஜாதீ ஹூம்' என்றும் சொல்ல வேண்டும். மராத்தியில் 'ஜாதோ', 'ஜாதே' என்று வினை பிரிகிறது. சிந்தியிலும் வினை பால் காட்டுகிறது. தமிழகத்திலிருந்து வடக்கே வந்துசேர்ந்த திருநங்கை, தமிழில் ஒருநாளும் சொல்ல நேராத ஒன்றை இங்கே வாக்கியத்திற்கு ஒருமுறை சொல்ல வேண்டியவராகிறார். பலர்க்கு அதுவே முதல் விடுதலையாக இருந்திருக்கும் என்று எண்ணுகிறேன். குரல் எப்படி இருந்தாலும், 'ஜாதீ ஹூம்' என்று சொன்ன மாத்திரத்தில் தம்மைப் பெண் என்று தாமே கூறிவிடுகிறார் அல்லவா? டெல்லியிலும் மும்பையிலும் வாழ்ந்த ரேவதி 'வெள்ளை மொழி' என்ற தன்வரலாற்றை எழுதினார். புனே ரயில்களில் கையேந்திய நாள்களைப் பதிவுசெய்த லிவிங் ஸ்மைல் வித்யா, 2007-இல் தம் நூலுக்கு 'நான் வித்யா' என்று பெயரிட்டார். பாலற்ற தமிழ் 'நானை' ஒரு பெண்பெயருக்கு அருகே நிறுத்தியதில் ஒரு முழு வாழ்வு இருக்கிறது.

தன்மையில் பால் காட்டாத தமிழ், விளிப்பதில் அதை விடாமல் காட்டுகிறது. முன்பின் அறியாதவரையும் நாம் அண்ணன், அக்கா, தம்பி, தங்கை என்று உறவுமுறை சொல்லியே அழைக்கிறோம். நம் பண்பாட்டின் இனிமை என்று மேடைதோறும் பேசப்படும் இவ்வழக்கம், குரலைக் கேட்டவுடன் ஒரு தீர்ப்பைச் சொல்லும்படி நம்மைக் கட்டாயப்படுத்துகிறது. ஆகவே குரலின் பொறுப்பில் பாதி கேட்பவருடையது. இதில் நம் இலக்கணிகள் நம்மினும் முன்னே நின்றனர். ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவோரைப் பெண்பாலாக வழங்கலாம் என்று நன்னூலார் விதித்தார். இவ்விதியில் பாலைத் தீர்மானிப்பது 'அவாவுதல்' என்ற வினையே. குரலை அவர் கேட்கவே இல்லை. அதே நூற்பா அவர்களை அஃறிணைபோல வழங்கவும் இடம் தருகிறது. அப்பகுதியை இன்று நாம் ஏற்பதற்கில்லை. உயர்திணை முடிபையே கொள்வர் என்ற தொல்காப்பியரின் வழியே நமக்கு உகந்தது. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம், தம் பால் இன்னது என்று ஒருவர் தாமே உணர்ந்து கூறுவதை மதிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பழைய நூற்பாவின் நல்ல பாதி அத்தீர்ப்பில் எதிரொலிப்பதாகவே எனக்குத் தோன்றியது.

குரல்பயிற்சி ஒருவரது உரிமை என்றால், அது கடமையுமாகுமா? 'பெண் என்கிறாய், பெண்போல் பேசு' என்று கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டா? இல்லை என்பதே என் துணிபு. கங்குபாய் ஹங்கலை நினைத்துப் பார்க்கலாம். ஊப்ளியில் வாழ்ந்த இப்பெருமாட்டியின் குரல் தொண்டைச் சிகிச்சைக்குப் பின் கனத்தது. அறியாதவர் கேட்டால் ஆடவர் பாடுகிறார் என்பர். அவர் அதை மறைக்கவில்லை. அக்கனத்தையே தம் பாட்டின் அழகாக்கி, 2009-இல் மறையும்வரை கிரானா மரபின் பெருமையாக விளங்கினார். பெண்ணின் குரல் இத்தனை கட்டைக்குமேல் இருக்க வேண்டும் என்ற விதி அவரிடம் தோற்றது. 2008-இல் ரோஸ் என்னும் திருநங்கை விஜய் தொலைக்காட்சியில் தம் பெயரில் உரையாடல் நிகழ்ச்சி நடத்தினார். 2014 ஆகஸ்டு 15 அன்று கோவை லோட்டஸ் தொலைக்காட்சியில் பத்மினி பிரகாஷ் செய்தி வாசித்தார். செய்தி வாசிப்பவரிடம் நாம் எதிர்பார்ப்பது திருத்தமும் தெளிவும். 'ழ'கரம் ழகரமாக ஒலிக்க வேண்டும். கட்டையை எவர் அளந்தார்?

பயில விரும்புவோர்க்கு வழி உண்டு. பாந்த்ராவில் உள்ள அலி யாவர் ஜங் நிறுவனமும் மைசூரில் உள்ள அனைத்திந்தியப் பேச்சு கேட்டல் நிறுவனமும் பேச்சுப் பயிற்சியாளர்களை உருவாக்குபவை. இத்துறையினர் கூறுவது கேட்கத்தக்கது. சுருதியை உயர்த்துவது மட்டும் போதாது. வலிந்து உயர்த்தினால் தொண்டை புண்படும். ஒலி நெஞ்சில் முழங்காமல் வாயின் முன்புறத்தில் ஒலிக்கப் பழக வேண்டும். வாக்கியத்தின் ஏற்ற இறக்கம், சொல்லை நீட்டும் இடம், மூச்சு விடும் இடம் ஆகியவையும் கேட்பவரின் காதை வழிநடத்துகின்றன. நாள்தோறும் சிறிது நேரம் வாய்விட்டுப் படிப்பது அவர்கள் தரும் எளிய பயிற்சி. தமிழ்க் குழந்தைகள் ஆத்திசூடியைப் படித்தது இவ்வாறே. ஆனால் தனியறையில் வந்த குரல் தெருவில் வருவதில்லை. நம்பிக்கை மற்றொருவரின் முன்னிலையில்தான் பிறக்கிறது. முகம் சுளிக்காமல் கேட்டுப் பதில் சொல்லும் ஒருவர் போதும்.

எல்லாவற்றிலும் கடினமானது ஊருக்குப் பேசும் தொலைபேசி. வேலை தேடி ஊரைவிட்டு வந்த நம்மில் எவருக்கும் தாயோடு உள்ள தொடர்பு முகத்தால் அன்றிக் குரலாலேயே நிலைத்திருக்கிறது. 'சாப்பிட்டாயா?' என்று கேட்பதற்கு முன்பே, மகன் சொன்ன ஒரு சொல்லில் அவன் உடல்நலத்தை அறிபவள் தாய். அந்தக் குரல் ஒருநாள் மாறி ஒலித்தால், பிள்ளை உயிரோடிருக்கும்போதே இழந்ததுபோல் அவள் அழுவாள். அவ்வழுகையை அறியாமை என்று தள்ளுவது கொடுமை. ஆனால் அதே தாய், பதினான்கு வயதில் மகனின் மழலைக் குரல் உடைந்து கரகரத்தபோது, அது தன் பிள்ளையின் குரலில்லை என்று சொல்லவில்லை. ஒரு மாதத்தில் பழகிக்கொண்டாள். இன்னும் ஒருமுறை பழக அவளுக்குக் காலம் வேண்டும். அதுவரை ஊருக்குப் பழைய குரலிலும் ஊழியத்தில் புதிய குரலிலும் பேசும் திருநங்கையர் உண்டு. அதைக் கோழைமை என்று நான் சொல்லமாட்டேன். எந்த நாளில் தம் சொந்தக் குரலில் 'அம்மா' என்று அழைப்பது என்பதை அவர்தான் தீர்மானிக்க வேண்டும். பல வீடுகளில் அந்த அழைப்பை முதலில் எடுத்துக் கேட்பவர் உடன்பிறந்தவர்களாகிய நாம்.