நண்பகல் நோன்பும் பிக்குவின் தொப்பையும்

தாய்லாந்தில் ஒரு பிக்கு நண்பகலுக்குப் பிறகு மறுநாள் விடியும்வரை உணவைத் தொடக்கூடாது. கிட்டத்தட்ட பதினெட்டு மணி நேர விரதம், அதுவும் அன்றாடம். இப்படி இருப்பவர்கள் ஒட்டிய வயிற்றோடு இருப்பார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் பாங்காக்கின் சுலாலங்கோர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிக்குகளைப் பரிசோதித்தபோது, ஏறத்தாழ பாதிப்பேருக்கு உடற்பருமன் இருந்தது.

காரணம் பிற்பகலில் இருக்கிறது. மாம்பழம், நாவல், திராட்சை போன்றவற்றின் சாற்றை அந்த வேளையில் அருந்த, பிக்குகளின் ஒழுக்க விதிகளான விநயம் அனுமதிக்கிறது. இன்று அந்த இடத்துக்குப் புட்டியில் அடைத்த இனிப்புத் தேநீரும் குளிர்பானமும் வந்துவிட்டன. 330 மில்லி கோலா ஒன்றில் ஏறத்தாழ 35 கிராம் சர்க்கரை. மென்று தின்பது பசியை அடக்கும் அளவுக்குக் குடிப்பது அடக்குவதில்லை. அந்தச் சர்க்கரையில் உள்ள ஃபிரக்டோஸ் பெரும்பாலும் கல்லீரலுக்குப் போகிறது. தேவைக்கு மிஞ்சினால் அங்கே கொழுப்பாக மாறுகிறது. இன்சுலின் ஏறியிருக்கும்வரை கொழுப்புச் செல்களும் தங்கள் கையிருப்பை எளிதில் விடுவதில்லை. ஆக, விரதம் பல்லுக்குத்தான், கல்லீரலுக்கு இல்லை.

இதில் பழைய விதியைக் குறை சொல்வதற்கில்லை. அதன் பின்னணியை, புத்தரின் உரைகளைத் தொகுத்த மஜ்ஜிம நிகாயத்தில் உதாயி என்ற பிக்கு சொல்கிறார். இரவில் பிச்சைக்குப் போன பிக்குகள் சாக்கடையில் விழுந்தார்கள், முள்வேலியில் மாட்டினார்கள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண், மின்னல் வெளிச்சத்தில் பிக்குவைப் பார்த்துப் பேய் என்று அலறினாள். வயிற்றுக்காக இருட்டில் அலைவதைவிட வயிற்றையே அறுத்துக்கொள்ளலாமே என்று வைதும் விட்டாள். இரவுணவை விட்டால் உடல் இலேசாகும் என்று புத்தர் வேறோர் இடத்தில் சொல்லியிருக்கிறார். ஆனாலும் இந்தக் கதையில் பேச்சு எடையைப் பற்றியதல்ல. ஊரார் மீது சுமையாக விழாமல் இருப்பதைப் பற்றியது.

எடை பற்றிய பேச்சு கோசல மன்னன் பசேனதியிடம் வருகிறது. வயிறு முட்டத் தின்றுவிட்டு மூச்சு வாங்க வந்து உட்கார்ந்த மன்னனிடம் புத்தர் நேரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அளவைப் பற்றி ஒரு பாட்டுச் சொன்னார். அந்தப் பாட்டை ஓர் இளைஞன் மனப்பாடம் செய்து, நாள் கூலி நூறு காசுக்கு மன்னன் உண்ணும்போது ஓதினான். உரைக்கதை இன்னும் நுட்பமானது. கடைசிக் கவளத்தை எடுக்கும்போதுதான் ஓத வேண்டும்; மன்னன் அதைக் கீழே வைத்ததும், அதில் இருந்த அளவு அரிசியை அடுத்த உலையில் குறைத்துவிட வேண்டும். கடைசியில் நாழிச் சோறே மன்னனுக்குப் போதும் என்றானது, உடம்பும் இளைத்தது.

நேரமா, அளவா என்ற இதே கேள்வி இன்றைய ஆய்விலும் வருகிறது. சீனாவின் குவாங்சோ நகரில் 139 பேரை வைத்து நடந்த ஆய்வு 2022இல் வெளியானது. ஒரு பிரிவினர் காலை 8 மணி முதல் மாலை 4 மணிக்குள் மட்டும் உண்டார்கள், மற்றவர்களுக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை. இரு பிரிவினருக்கும் ஒரே கலோரி வரம்பு. ஓராண்டு முடிவில் எடைக் குறைப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பசேனதியின் சமையற்காரருக்கு இது வியப்பாக இருந்திருக்காது.

பிக்குவின் சங்கடம் வேறு. மன்னனுக்கு உலை சொந்தம், இவருக்கு இல்லை. இறந்துபோன தாய்க்கு எது பிடிக்குமோ அதைத்தான் மகள் தானமாகக் கொண்டுவருகிறாள், பெரும்பாலும் தேங்காய்ப்பால் கறியும் இனிப்பும். வேண்டாம் என்றால் அவளது புண்ணியத்துக்குத் தடை. அப்படியானால் பிக்குவின் இடுப்பில் சேரும் கொழுப்புக்கு யார் பொறுப்பு? பேராசை என்று ஒரேயடியாக அவர் தலையில் கட்டுவது நியாயமாகப் படவில்லை. தருகிறவரின் பக்தியும் அதில் பாதி. பாங்காக் ஆய்வாளர்களும் தானம் தருவோருக்குச் சமையல் சொல்லித்தரத் தொடங்கினார்கள். பிக்குகளுக்கோ சுற்றளவு காட்டும் குறிகளோடு ஓர் இடுப்புக் கச்சை. பாத்திரத்தின் விளிம்புக்கு மேல் குவித்து உணவு ஏற்கக்கூடாது என்ற விதியும் விநயத்திலேயே உண்டு. புட்டிகளைப் பற்றி மட்டும் அதில் ஒன்றுமில்லை.