இல்லாத விசை

இயங்குதளத்தில் நேரும் பிழையையும், அதில் காணாமற்போன ஒரு செட்டிங்கையும் ஒரே எரிச்சலோடு திட்டிவிடுகிறோம். பிழையை யாரும் விரும்பிச் செய்வதில்லை. செட்டிங் இல்லாமலிருப்பதோ எவரோ எடுத்த முடிவு. விண்டோஸில் 1995லிருந்து டாஸ்க்பாரைத் திரையின் எந்த ஓரத்துக்கும் நகர்த்த முடிந்தது. 2021ல் விண்டோஸ் 11 வெளியானபோது அது கீழேயே நின்றுவிட்டது. பழக்கம் என்பது கையில் தங்கிவிட்ட ஞாபகம். அதை இன்னொருவர் தூரத்திலிருந்து அழித்துவிட முடிகிறது என்பதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது.

எதிர்வாதம் லேசானதல்ல. லினக்ஸ் கணினிகளுக்கான க்னோம் திரையை உருவாக்கியவர்களில் ஒருவரான ஹேவக் பென்னிங்டன், சேர்க்கிற ஒவ்வொரு செட்டிங்குக்கும் ஒரு விலை உண்டு என்று 2002ல் வாதிட்டார். கணக்குப் போட்டால் புரிகிறது: உண்டு, இல்லை என்று பத்து விசைகள் இருந்தால் 1024 நிலைகள். அத்தனையையும் சோதிக்க ஆளில்லை. பிழைகள் அங்கேதான் முட்டையிடுகின்றன. 2011ல் க்னோம் 3, ஜன்னலைச் சுருக்கும் பொத்தானையும் பெரிதாக்கும் பொத்தானையும் எடுத்தே விட்டது. (வேறொரு சிறு மென்பொருளை நிறுவி மீட்டுக்கொண்டவர்கள் உண்டு.)

ஆக, பிழை குறைய வேண்டுமானால் என் இஷ்டங்களும் குறைய வேண்டும். கணக்காக இது சரி. நியாயமாக? அந்த 1024 நிலைகளில் நேரும் பிழையோடு மல்லுக்கு நிற்கப்போகிறவன் நான். என்னைக் கேட்காமல் என் பொருட்டுக் காட்டப்படும் கருணை எனக்கு உவப்பாக இல்லை. என் கைக்கு வளைகிற பழைய திரையையே வைத்திருக்கிறேன். வாரத்துக்கு ஒருமுறையாவது உறைந்துபோகிறது.