மறைப்பது பொறுமையாகுமா?

உம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். உம்மாவின் தங்கைக்குச் சினைப்பையில் புற்றுநோய். இப்பொழுது மூத்த மகளுக்கும் மார்பில் கட்டி. இரத்தத்தைச் சோதித்ததில் இது பரம்பரைப் பழுது என்று தெரிகிறது. தன்னைப் பராமரிக்கும் நர்சின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் கெஞ்சுகிறாள்: "சிஸ்டர், என் தங்கச்சிகளிடம் சொல்லிவிடாதீர்கள். அவர்களுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறோம்."

எந்த வீட்டிலும் நேரக்கூடிய நிலை இது. அவள் கேட்பது நியாயந்தானா?

மார்பகப் புற்றுநோயில் பெரும்பகுதி பரம்பரையால் வருவதன்று. நூற்றுக்கு 5 முதல் 10 வரையே அப்படி வருகிறது. 1990-இல் அமெரிக்க விஞ்ஞானி மேரி கிளேர் கிங் அம்மையார் இடம் காட்டி, 1994-இல் கண்டெடுக்கப்பட்ட மரபணு பி.ஆர்.சி.ஏ.1. அது பழுதுபட்டிருந்தால் நூறு பெண்களில் அறுபதுக்கும் மேற்பட்டோருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வரக்கூடும். அப்பழுது ஒவ்வொரு பிள்ளைக்கும் சேரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. தகப்பன் வழியாகவும் அது வரும். எனவே தாய்வழியை மட்டும் பழிப்பது அறியாமை.

"எல்லாம் விதிப்படி நடக்கும், தெரிந்து என்ன ஆகப்போகிறது?" என்று சிலர் கேட்பர். ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு அதற்குத் தவக்குல் என்று பெயரிடலாமா? பழுது இருப்பதை அறிந்தவள் இளவயதிலிருந்தே ஆண்டுதோறும் மார்பைச் சோதித்துக்கொள்ளலாம். பிள்ளைப்பேறு முடிந்தபின் சினைப்பைகளை அகற்றிக்கொள்ளலாம். அறியாதவளுக்கு இந்த வழிகள் திறப்பதில்லை.

நோயாளியின் இரகசியம் நர்சிடம் அமானத். அவர் தாமாகச் சென்று தங்கைகளிடம் சொல்லுதல் தகாது. ஆனால், தங்கைகளின் உயிரைப் பற்றிய செய்தி அக்காவிடம் இருக்கும் அமானத் அல்லவா? சோதித்துக்கொள்வதா வேண்டாமா என்பது தங்கையின் முடிவு. அப்படி முடிவு செய்யும் வாய்ப்பையே பறிக்க அக்காவுக்கு உரிமையில்லை.

இங்கேதான் பராமரிப்பு தொடங்குகிறது. நர்ஸ் அதட்ட வேண்டியதில்லை. கட்டிலருகே அமர்ந்து அவள் அச்சத்தைக் கேட்கட்டும். சொல்லவேண்டியதை எப்படிச் சொல்வதென்று கூட இருந்து உதவட்டும். தங்கைகள் வரும் நாளில் பக்கத்தில் நிற்கட்டும். மதீனாவில் கூடாரம் அமைத்துக் காயம்பட்டோரைப் பராமரித்த ருஃபைதா (ரலி) அவர்களின் பணிக்கு வாரிசுகள் இத்தகையோரே.

அந்த அக்காவைக் குறை சொல்லுமுன் நம்மையும் கேட்டுக்கொள்வோம். பெண் பார்க்கப் போன வீட்டில் நோயைத் துருவிக் கேட்டு முகம் சுளித்துத் திரும்பியவர்கள் யார்? அவள் வாயைப் பூட்டிய பூட்டு நம் கையில் இருக்கிறது. சாவியும் நம்மிடமே!