இருப்பு பத்து

நான் பி.காம். படித்தவன். படித்ததில் பாதி மறந்துவிட்டாலும் தேய்மானக் கணக்கு மட்டும் மறக்கவில்லை. 30,000 ரூபாய்க்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். வருமான வரிக் கணக்கில் முன்பு அதற்கு வருஷத்துக்கு 60 சதவீதம் தேய்மானம். 2017 ஏப்ரலிலிருந்து 40 சதவீதம். முதல் வருஷ முடிவில் அதன் மதிப்பு 18,000. அடுத்த வருஷம் 10,800. ஐந்தாவது வருஷ முடிவில் 2,300 ரூபாய் சொச்சம். வேடிக்கை என்னவென்றால், மிச்சத்திலிருந்துதான் சதவீதம் கழிக்கிறார்கள். ஆகவே எத்தனை வருஷம் போனாலும் பூஜ்யம் மட்டும் வராது.

இந்தக் கணக்கு ஒன்றே ஒன்றைக் கேட்பதில்லை. அந்தக் கம்ப்யூட்டரை யாராவது தொட்டார்களா?

என்னோடு கல்லூரியில் படித்தவன் இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர். போன வருஷம் அந்தப் பக்கம் போனபோது பார்க்கப் போனேன். "வாடா, எங்க கம்ப்யூட்டர் ரூமைப் பாரு" என்று கூட்டிப் போனான். அவன் அங்கே வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பூட்டைத் திறக்கவே ஐந்து நிமிஷம். வாசலில் 'செருப்பைக் கழற்றவும்' என்று போர்டு. உள்ளே வரிசையாகப் பத்து கம்ப்யூட்டர்கள், பூப்போட்ட துணி உறை போட்டு. ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஏதோ ஓர் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தன. முன்பு இருந்தவர் யாரையும் உள்ளே விடமாட்டாராம். "பசங்க தொட்டா கெட்டுடும் சார்" என்பாராம்.

போட்டுப் பார்த்தோம். பத்தில் நான்குதான் உயிரோடு இருந்தன. ஒன்று தேதி 2009 என்று காட்டியது. இன்னொன்றைத் திறந்தால் உள்ளே பல்லி முட்டை. ஸ்டாக் ரிஜிஸ்டரைப் பார்த்தேன். 'இருப்பு 10' என்று வருஷா வருஷம் அழகான கையெழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தது. தணிக்கைக்கு வந்தவர்களும் எண்ணிப் பார்த்துப் பச்சை மையில் டிக் அடித்திருந்தார்கள். பொய் இல்லை. பத்து இருந்தது.

அந்தப் பழைய தலைமை ஆசிரியரைத் திட்டலாம் என்று தோன்றுகிறதா? எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் அவர் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். பையன் கை பட்டு ஒரு மானிட்டர் போனால் கேள்வி வரும். யார் பொறுப்பு, ஏன் கவனிக்கவில்லை, தொகையை யாரிடம் பிடிப்பது? பூட்டின அறைக்குள் பத்தும் மக்கிப் போனால் ஒரு கேள்வியும் வராது. பயன்படுத்தினால் குற்றம், பாதுகாத்தால் நல்ல பெயர் என்று ஒரு விதி இருந்தால், நல்ல மனிதர்கள்கூட வாட்ச்மேன் ஆகிவிடுவார்கள்.

நான் மட்டும் என்ன ஒழுங்கு? 2020-ல் ஊரடங்கு வந்தபோது ஆன்லைன் வகுப்புக்காக மகளுக்கு ஒரு டேப்லெட் வாங்கினேன். பள்ளி திறந்ததும் 'பத்திரமா இருக்கட்டும்' என்று பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். அவள் கேட்டபோதெல்லாம் "ஒடைச்சிடுவே" என்றேன். ஒன்றரை வருஷம் கழித்து எடுத்தால் சார்ஜே ஏறவில்லை. கடைக்காரப் பையன் சொன்னான்: "சுத்தமா காலியாகிற வரைக்கும் போட்டு வெச்சிருக்கீங்க சார். இந்த பேட்டரி அப்படிக் கிடந்தா செத்துடும். வைக்கறதா இருந்தா பாதி சார்ஜ்ல வைக்கணும், ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை எடுத்து ஏத்தணும்." வெயில் படுகிற ஜன்னலோரமும் கூடாதாம், சூடுதான் பேட்டரிக்கு முதல் எதிரி என்றான். மகள் உடைத்திருந்தாலாவது நாலு பாடம் படித்துவிட்டு உடைத்திருப்பாள்.

நேர் எதிரான கூத்து அமெரிக்காவில் நடந்தது. அங்கே பள்ளிகளில் குரோம்புக் என்ற மலிவான லேப்டாப்தான் அதிகம். அதைப் பிள்ளைகள் போட்டு அடிக்கிறார்கள், நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் ஒவ்வொரு மாடலுக்கும் 'இந்தத் தேதிக்குப் பிறகு அப்டேட் கிடையாது' என்று முன்கூட்டியே நாள் குறித்துவிடுகிறார்கள். அதுவும் நீங்கள் வாங்கின நாளிலிருந்து அல்ல, அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணி! எதிர்ப்பு வலுத்த பிறகு 2023 செப்டம்பரில் கூகுள் அந்தக் கெடுவைப் பத்து வருஷமாக நீட்டுவதாக அறிவித்தது. அப்படியானால் அதற்கு முன் ஒதுக்கப்பட்டவை? அவை கெட்டுப்போய் ஒதுக்கப்படவில்லை. நாள் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

இங்கே பூட்டு கொல்கிறது, அங்கே தேதி கொல்கிறது. இரண்டு இடத்திலும் ஒரு பொருள் எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை மணி நேரம் உதவியது என்பது கணக்கிலேயே இல்லை.

பள்ளி கெமிஸ்ட்ரி லேபை நினைத்துப் பாருங்கள். அங்கே டெஸ்ட் ட்யூப் உடையும். உடையும் என்று எல்லோருக்கும் தெரியும், அதற்கென்று தனியாகப் பதிவேடும் உண்டு. 'உடையாத டெஸ்ட் ட்யூப்' வேண்டும் என்று எந்த ஆசிரியரையும் யாரும் மிரட்டுவதில்லை. கீபோர்டு மட்டும் ஏன் உடையக்கூடாது? சில நூறு ரூபாய் சமாசாரம் அது.

நண்பன் சும்மா இருக்கவில்லை. சர்வீஸ் ஆள் ஒருவரை வரவழைத்தான். அவர் பார்த்த மாத்திரத்தில் "எல்லாத்தையும் எடைக்குப் போட்டுட்டுப் புதுசா வாங்கிடுங்க" என்றாராம். இவன் விடவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேரை அவருக்கு எடுபிடியாக விட்டான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டினார்கள். ரேம் பலகையைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மறுபடி செருகினார்கள். அதிலேயே இரண்டு எழுந்து உட்கார்ந்துவிட்டன! 2009-ல் நின்ற மிஷினுக்கு ஒரு பட்டன் பேட்டரி மாற்றியதும் அது இந்த வருஷத்துக்கு வந்துவிட்டது. நன்கொடையாகக் கிடைத்த பணத்தில் பழைய ஹார்ட் டிஸ்க்குகளுக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போட்டதில் நொண்டிய மிஷின்கள் ஓடின.

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு நின்றது. இந்தப் பழைய மிஷின்களில் 11 ஏறாது. அதனால் லினக்ஸ் போட்டுவிட்டார்கள். இதொன்றும் புதுசல்ல, பக்கத்துக் கேரளத்தின் பள்ளிகள் பல வருஷமாக அதில்தான் ஓடுகின்றன. அங்கே 2018-ல் தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' மன்றங்களில் பிள்ளைகளுக்கு ஹார்டுவேரும் சொல்லித் தருகிறார்கள்.

இப்போது ஏழு ஓடுகின்றன. மூன்றைப் பிரித்து உதிரி பாகமாக மற்றவற்றுக்கு மாட்டிவிட்டார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில்கூடக் கூட்டமாம். இரண்டு மவுஸ் போய்விட்டது, ஒரு கீபோர்டில் 'எம்' இல்லை. பூட்டை எங்கே வைத்தோம் என்றே தெரியவில்லை என்றான்.

போன வாரம் போன் செய்தான்.

"தணிக்கைக்கு வர்றாங்கடா. ரிஜிஸ்டர்ல இருப்பு ஏழுன்னு எழுதவா, பத்துன்னு எழுதவா?"

"ஏழுன்னே எழுது. மூணு எங்க போச்சுன்னு பக்கத்துலயே எழுது."

"எழுதிடுவேன். அதுக்கு எந்தக் காலம்? 'வரவு, செலவு, இருப்பு'ன்னு மூணுதானே இருக்கு?"

பி.காம். படித்த எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. 'குறிப்பு' என்று ஒரு காலத்தை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொள்ளச் சொன்னேன். திங்கட்கிழமை வருகிறார்களாம்.