சூரியனுக்கு எதற்கு நன்றி?

தை முதல் நாள் கிழக்கு பார்த்து அடுப்புக் கூட்டிப் பொங்கல் வைக்கும் குடும்பத்தை ஒரு தத்துவவாதி எளிதாக மடக்கிவிடலாம். நன்மை செய்ய வேண்டும் என்று எண்ணிச் செய்தவருக்குத்தான் நன்றி உரியது, சூரியன் அப்படி எதையும் எண்ணவில்லையே என்பார். ரோமானியச் சிந்தனையாளர் செனெகா, உதவிகளைப் பற்றிய தம் நூலில், கொடுத்த பொருளைவிடக் கொடுத்தவரின் மனமே உதவியை உதவியாக்குகிறது என்று வாதிட்டார். அவருக்குச் சூரியனும் மனமுள்ள தெய்வம், ஆகவே தப்பித்துக்கொண்டார். நமக்குத் தெரிந்த சூரியனோ ஹைட்ரஜனை ஹீலியமாக்கிக்கொண்டிருக்கும் வெப்பக் கோளம். அதற்குக் கரும்பும் மஞ்சள் கொத்தும் படைப்பது முகவரி இல்லாத கடிதம்தானே? போதாக்குறைக்கு, அதன் வடதிசைப் பயணம் டிசம்பர் 21 அல்லது 22இலேயே தொடங்கிவிடுகிறது. நாம் மூன்று வாரம் கழித்து, ஜனவரி 14 வாக்கில் வரவேற்கிறோம். சூரியன் கோபித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை.

இந்த வாதம் நன்றியைக் கடனோடு குழப்புகிறது. கடன் என்றால் கொடுத்தவர் ஒருவர் வேண்டும், திருப்பித் தர வழியும் வேண்டும். திருவள்ளுவர் இந்த வேறுபாட்டை உணர்ந்திருந்தார் என்றே நினைக்கிறேன். மனிதர் மனிதருக்குச் செய்யும் உதவியைச் ‘செய்ந்நன்றி அறிதல்’ அதிகாரத்தில் பேசுகிறவர், மழையை அங்கே சேர்க்கவில்லை. கடவுள் வாழ்த்துக்கு அடுத்தே ‘வான்சிறப்பு’ என்று தனி அதிகாரம் கொடுத்தார். ஒப்புரவைப் பேசும்போதோ, யாராலும் ஈடுசெய்ய முடியாத மழையையே எடுத்துக்காட்டாக வைக்கிறார். ஈடுசெய்ய முடியாத இடத்தில் மிஞ்சுவது ஓர் ஒப்புதல்: உழுதேன், விதைத்தேன், ஆனாலும் விளைந்தது என்னால் மட்டுமில்லை. இதைச் சொல்லக் கேட்பவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டுமா என்ன? மாடு போன வீடுகளில் டிராக்டருக்குச் சந்தனமும் குங்குமமும் இடுவதைச் சிலர் கேலி செய்கிறார்கள், தவணை கட்டி வாங்கிய வண்டிக்கு எதற்குப் பொட்டு என்று. பொட்டால் வண்டிக்கு ஒன்றும் ஆகாதுதான். இடுகிறவரின் ‘எல்லாம் நான்’ என்ற நினைப்பு கொஞ்சம் குறைந்தால் போதும்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. சூரியனும் மாடும் கூலி கேட்பதில்லை. அவற்றுக்கு நன்றி சொல்வது செலவில்லாத வேலை. 1968 டிசம்பர் 25 இரவு, கீழத் தஞ்சையின் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டுப் போராடிய தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். மூன்று வாரத்துக்குள் பொங்கல் வந்தது. மிராசுதார் வீடுகளில் அந்தத் தையிலும் பால் பொங்கித்தான் இருக்கும். விழாவே வேஷம் என்று இதைக் காட்டிச் சொல்பவரை மறுப்பது கடினம். நான் அவரிடமிருந்து எடுத்துக்கொள்வது வரிசையை. கூலி நீதியின் கணக்கு, அது முதலில் தீர வேண்டும். கூலியில் குறைத்துவிட்டு வேட்டியும் கரும்பும் கொடுப்பவர் பேரம் பேசுகிறார், அவ்வளவுதான். முழுக் கூலி கொடுத்த பிறகும், வரப்பு உடைந்துவிடுமோ என்று மழை இரவில் ஒருவர் தானாகப் போய்ப் பார்த்த அக்கறைக்கு விலை போட முடியாது; நன்றிக்கு அங்கேதான் வேலை.

வீட்டுக்குள் கூலியே கிடையாது என்பதால் சிக்கல் கூடுகிறது. வெள்ளையடிப்புக்கு முன் பரண் ஒழிப்பதிலிருந்து காணும் பொங்கலுக்குப் புளிச்சோறு கட்டுவது வரை பெரும்பாலும் பெண்களின் உழைப்பு. அன்பாகச் செய்கிறார்கள், அதற்கெல்லாமா கணக்கு என்பார்கள். செனெகா கேட்ட மனம் ஐயமில்லாமல் இருக்கிற இடம் அதுதானே. அப்படியானால் நன்றி வேறெங்கும்விட அடுப்படிக்கே கூடுதலாக உரியது. மாட்டுப் பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வண்ணம் பூசுவதோடு நிறுத்துவதில்லை, நுகத்தில் பூட்டாமலும் விடுகிறோம். ஓய்வையும் நன்றியில் சேர்த்த வழக்கம் அது. அதே நாளில் அடுப்படி வேலையோ இரட்டிப்பாகிறது. ஒரு வேளைச் சோற்றையாவது அன்றைக்கு ஆண்கள் வடித்துப் பார்க்கலாம்.