நடக்காத ஒன்றுக்காக

இந்த எண் குறையாது. மனம் முதலில் ஒத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். சர்க்கரை இறங்கும், பிரஷர் இறங்கும், முயன்றால் எடையும் இறங்கும். இதயத் தமனிகளின் கால்சியம் ஸ்கோர் ஏறினால் ஏறியதுதான். என்னுடையது 540. 400-ஐத் தாண்டினாலே அதிகம் என்ற வகையில் சேர்த்துவிடுகிறார்கள். இறங்காத ஓர் எண்ணோடு எப்படி வாழ்வது என்று எனக்கே சொல்லிக்கொள்ள எழுதியவை இந்தக் குறிப்புகள்.

*

"எத்தனை பர்சன்ட் அடைப்பாம்?" கேள்விப்பட்ட எல்லோரும் கேட்பது இதுதான். ஸ்கோர் சதவீதம் அல்ல. 1990-இல் ஆர்தர் அகாட்ஸ்டன், வாரன் ஜானோவிட்ஸ் ஆகியோரின் குழு அமெரிக்காவில் வகுத்த கூட்டல் கணக்கு அது. மூச்சைப் பிடித்துக்கொண்டு சில நொடிகள் சி.டி. ஸ்கேனில் படுத்திருக்கிறோம். படத்தில் 130 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகும் அதற்கு மேலும் வெளுத்துத் தெரியும் ஒவ்வொரு திட்டின் பரப்பையும், அடர்த்திக்கு ஏற்ப 1 முதல் 4 வரையிலான ஓர் எண்ணால் பெருக்குகிறார்கள். வருவதையெல்லாம் கூட்டுகிறார்கள். இந்தக் கணக்குக்கு மேல் எல்லை கிடையாது. ஆயிரத்தைத் தாண்டி வாழ்பவர்கள் இருக்கிறார்கள். தமனிச் சுவரில் எவ்வளவு சுண்ணாம்பு படிந்திருக்கிறது என்பதை அது சொல்லும். ரத்தம் ஓடும் வழி எவ்வளவு குறுகியிருக்கிறது என்பதைச் சொல்லாது.

*

"தம்பி, இனிமே பாலைத் தொடாதடா. கேப்பைக் களியும் முருங்கைக் கீரையும் வேணவே வேணாம்" என்கிறாள் அக்கா. அன்பில் பிறந்த பயம். பொறுமையாகத்தான் பதில் சொல்ல வேண்டும். தட்டில் இருக்கும் கால்சியம் நேரே தமனிக்குப் போய் ஒட்டிக்கொள்வதில்லை. பல வருடங்களாகச் சுவருக்குள் கெட்ட கொழுப்பு நுழைகிறது. அங்கே அழற்சி உண்டாகிறது. அந்த இடத்தைக் கெட்டிப்படுத்தும் போக்கில் சுண்ணாம்பு சேர்கிறது. ஆறிய புண்ணின் தழும்பு போன்றது அது. தழும்பு இருந்தால் புண் இருந்திருக்கிறது. அக்கம்பக்கத்தில் ஆறாத புண்களும் இருக்கலாம். சட்டென்று வெடித்து ரத்தம் உறையக் காரணமாவது பெரும்பாலும் அப்படி இன்னும் கெட்டிப்படாத மென்மையான படிவுகள்தான். கேப்பையை விலக்குவதால் ஆவது ஒன்றுமில்லை. கால்சியம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும்.

*

இரவில்தான் பயம் வருகிறது. இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் காதுக்குள் துடிப்பு கேட்கிறது. ஒவ்வொரு துடிப்பையும் எண்ணத் தோன்றுகிறது. அப்போது இதை நினைத்துக்கொள்கிறேன்: ஸ்கேனுக்கு முந்தின இரவும் இதே தமனிதான், இதே சுண்ணாம்புதான். அன்று நிம்மதியாகத் தூங்கினேன். ஒரே நாளில் நோய் வளர்ந்துவிடவில்லை, தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான். மாத்திரை இல்லாமல், கவனம் இல்லாமல் கழிந்த இரவுகளில்தான் ஆபத்து அதிகமாக இருந்தது. இன்றைய இரவு அவற்றைவிடப் பாதுகாப்பானது. இதை அறிவு உடனே ஏற்கிறது. உடம்பு ஏற்க நேரமாகிறது. மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்கிக்கொண்டு காத்திருக்கிறேன்.

*

"சிகரெட் தொட்டதில்லை. எனக்கு ஏன்?" இந்தக் கேள்விக்கு முழுப் பதில் கிடைப்பதில்லை. பரம்பரை உண்டு, வயது உண்டு, தெரியாமலே ஓடிய கொழுப்பும் சர்க்கரையும் உண்டு. எகிப்து, பெரு உள்ளிட்ட நான்கு இடங்களின் 137 மம்மிகளை ஸ்கேன் செய்த ஆய்வாளர்கள் 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒன்றின் தமனிகளில் இந்தப் படிவின் அடையாளம் இருந்தது. அரிசி ஆலையும் அலுவலக நாற்காலியும் வருவதற்கு முன்பே மனித உடம்பில் இது இருந்திருக்கிறது. பொலிவியக் காடுகளில் வேட்டையாடியும் பயிர் செய்தும் வாழும் சிமானே மக்களைப் பற்றிய 2017-ஆம் ஆண்டு ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது: அவர்களில் 85 சதவீதம் பேருக்கு ஸ்கோர் பூஜ்யம். முதல் செய்தி என்னை நானே குற்றவாளியாக்கிக்கொள்வதைத் தடுக்கிறது. இரண்டாவது, எல்லாம் தலைவிதி என்று சாய்ந்துவிடாமல் பிடித்து நிறுத்துகிறது. எனக்கு இரண்டும் வேண்டியிருக்கின்றன.

*

அடுத்த வருடமும் ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா என்று மனம் அரிக்கிறது. எடுத்தால் எண் கூடியிருக்கக்கூடும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேடின் மாத்திரை மென்மையான படிவைக் கெட்டியாக்குகிறது. அதனால் ஆபத்து குறையும்போதே ஸ்கோர் ஏறவும் செய்யலாம். சிகிச்சை சரியாக நடக்கிறதா என்று அறிய இது ஏற்ற அளவுகோல் அல்ல. பார்க்க வேண்டியவை வேறு: கெட்ட கொழுப்பான எல்.டி.எல். எவ்வளவு, பிரஷர் எவ்வளவு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை எவ்வளவு. எல்.டி.எல். 70-க்குக் கீழே போக வேண்டும் என்பது எனக்குச் சொல்லப்பட்ட இலக்கு.

*

1994-இல் ஸ்காண்டிநேவிய நாடுகளில் முடிந்த ஓர் ஆய்வை அடிக்கடி நினைக்கிறேன். ஏற்கெனவே இதய நோய் கண்ட 4,444 பேர். பாதிப் பேருக்கு சிம்வாஸ்டேடின் என்ற ஸ்டேடின், மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. ஐந்து வருடங்களுக்குச் சற்று மேல் கவனித்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 256 பேர் இறந்தார்கள். மருந்து எடுத்தவர்களில் 182 பேர். வித்தியாசம் 74 உயிர்.

அந்த 74 பேர் யார்? யாருக்கும் தெரியாது. அவர்களுக்கே தெரியாது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்திருக்க வேண்டிய மாரடைப்பு வரவில்லை. அந்த மனிதர் வழக்கம்போல் காப்பி குடித்துவிட்டு வேலைக்குப் போயிருப்பார். காப்பாற்றப்பட்டோம் என்ற எண்ணமே அவருக்கு வந்திருக்காது.

என் தினசரிக் கடமையும் இந்த வகையைச் சேர்ந்தது. இரவு மாத்திரை, காலை நடை, அப்பளமும் ஊறுகாயும் இல்லாத சாப்பாடு, அரை அளவு சோறு. இவற்றின் பலன் ஒரு சம்பவம் நடக்காமல் போவது. நடக்காததை எந்தப் படமும் காட்டாது. பலனைக் கண்ணால் பார்க்காமலே தொடர்ந்து செய்யும் மனத்தைப் பழக்குவதுதான் எனக்கு வாய்த்த தியானம்.

*

"ஸ்டென்ட் வெச்சுட்டா ஒரேயடியா நிம்மதி" என்பார்கள். நிலையாக இருக்கும் இதய நோயாளிகள் 5,179 பேரிடம் நடந்த 'இஸ்கிமியா' ஆய்வின் முடிவு 2020-இல் அச்சானது. நல்ல மருந்துச் சிகிச்சையோடு ஸ்டென்டோ பைபாஸோ சேர்த்தும், கவனித்த வருடங்களில் மரணம் குறையவில்லை. நெஞ்சுவலி இருந்தவர்களுக்கு வலி குறைந்தது. வலியே இல்லாதவர், ஒரு ஸ்கோரை மட்டும் பார்த்து அவசரப்பட வேண்டியதில்லை. எந்தச் சோதனை தேவை என்பதை மருத்துவரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யலாம்.

*

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்கோர் பூஜ்யமானாலும் ஆயிரமானாலும் இது பொருந்தும். நெஞ்சில் அழுத்தம், தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால், வாயு என்று சோடா குடித்துவிட்டுப் படுத்துவிடாதீர்கள். தனியாக வண்டி ஓட்டிக்கொண்டும் போகாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். அந்த எண்ணை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.