கணுக்காலும் அமானிதமே



மனிதன் 360 மூட்டுகளோடு படைக்கப்பட்டிருக்கிறான் என்றும், சூரியன் உதிக்கும் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மூட்டுக்காகவும் தருமம் செய்வது அவன் மீது கடமை என்றும், தொழுகைக்காக எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியும் அத்தருமத்தில் சேரும் என்றும் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அறிவித்துள்ளார்கள். வியாபாரிகளாகிய நமக்கு இந்தக் கணக்கு எளிதில் விளங்கும். ஆனால் அந்த அடியை எடுத்து வைக்கும் காலைப் பற்றி நம்மவர் எவ்வளவு சிந்திக்கிறார்கள்? கல்லாவில் பத்து வெள்ளி குறைந்தால் இரவெல்லாம் தூக்கம் வராது. கணுக்கால் ஐந்து வருஷமாக வீங்கியிருந்தாலும் தைலத்தைத் தடவிக் கொண்டு கடை திறக்கப் போய்விடுவார்கள்.

நம்முடைய பிழைப்பே காலில் நிற்கும் பிழைப்பு. பினாங்கில் தோளில் கம்பைச் சுமந்து, இரு முனையிலும் சோறும் கறியும் தொங்க, நடந்து நடந்து விற்றவர்கள் நம் முன்னோர். நாசி கண்டார் என்ற பெயரே அந்தக் கம்பினால் வந்ததுதான். இன்று கம்பு போய்விட்டது, நிற்பது போகவில்லை.

கெண்டைக்காலின் இரண்டு எலும்புகளும் பாதத்தின் மேலெலும்பும் சேருமிடமே கணுக்கால் மூட்டு. அவை உரசாதபடி வல்ல நாயன் வழவழப்பான குருத்தெலும்பை வைத்திருக்கிறான். அது தேய்ந்தால் எலும்போடு எலும்பு உரசும். முழங்கால் பெரும்பாலும் வயதினால் தேய்கிறது. கணுக்காலோ பெரும்பாலும் பழைய அடியினால் தேய்கிறது.

எங்கள் சாச்சா வாலிபத்தில் லாரியிலிருந்து அரிசி மூட்டை இறக்கும்போது விழுந்து கணுக்கால் முறிந்தவர். கட்டுப் போட்டார், ஆறிற்று, மறந்துவிட்டார். முப்பது வருஷம் கழித்து அந்த அடி வட்டியோடு வந்து கேட்டது. (வட்டி ஹராம் என்பது வியாதிக்குத் தெரியாது போலும்.) முதலில் ஸுப்ஹுக்குப் பள்ளிக்கு வருவது நின்றது. பிறகு ஜும்ஆ மட்டும் என்றாயிற்று. நாற்காலியில் அமர்ந்து தொழ வெட்கப்பட்டு அதுவும் குறைந்தது. டாக்டரிடம் போகலாம் என்றால், "இது அல்லாஹ்வின் சோதனை, நான் ஸபூர் செய்கிறேன்" என்பார்.

சகோதரர்களே, ஸபூர் வேறு, சிகிச்சையைத் தள்ளுவது வேறு. நாங்கள் மருந்து செய்து கொள்ளலாமா என்று கிராமத்து அரபிகள் கேட்டபோது, செய்து கொள்ளுங்கள், முதுமை நீங்கலாக எல்லா நோய்க்கும் அல்லாஹ் நிவாரணம் வைத்திருக்கிறான் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் பதிலளித்ததை உஸாமா இப்னு ஷரீக் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். நாற்காலிக்கும் வெட்கப்பட வேண்டியதில்லை. மூல வியாதியால் வருந்திய இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழ அனுமதி கிடைத்ததன்றோ?

"உடம்புக்குள் உலோகத்தை வைக்கலாமா?" என்பது சாச்சாவின் அடுத்த கேள்வி. அர்ஃபஜா (ரலி) அவர்கள் குலாப் போரில் மூக்கை இழந்தவர்கள். வெள்ளியால் மூக்குச் செய்து வைத்தார்கள். அதில் துர்நாற்றம் உண்டாயிற்று. தங்கத்தால் வைத்துக் கொள்ளும்படி நாயகம் (ஸல்) அவர்களே ஏவினார்கள். ஆண்களுக்குத் தங்கம் விலக்கப்பட்டிருந்தும், சரீரத்தின் தேவைக்காக அனுமதி கிடைத்தது. இதைக் கேட்ட பிறகுதான் சாச்சா மனம் இளகினார்.

சத்திர சிகிச்சையில் தேய்ந்த எலும்பு முனைகளைச் சீவி எடுத்து, மேலும் கீழும் உலோகத் தகடு பொருத்தி, நடுவே உறுதியான பிளாஸ்டிக்கை வைக்கிறார்கள். 1970-ல் பிரான்ஸில் தொடங்கிய முறை இது. ஆரம்ப காலத்து மூட்டுகள் பலவும் சீக்கிரம் தளர்ந்து போயின. பின்னால் வந்தவை மேலானவை. மூட்டை அசையாதபடி எலும்புகளை ஒன்றாக இணைத்து விடுவது மற்றொரு வழி. இங்கிலாந்தில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து 2022-ல் வெளியிட்டார்கள். ஒரு வருஷத்தில் இரு சாராருடைய நடையும் ஏறத்தாழ ஒரே அளவு தேறியிருந்தது. ஆகவே புது மூட்டுத்தான் உயர்ந்தது என்று பிடிவாதம் வேண்டாம். மூட்டை தூக்கும் வயதில் உள்ளவருக்கு இணைப்பதே ஏற்றது என்று டாக்டர்கள் சொல்வதுண்டு. இனிப்பு நீரால் பாதம் மரத்துப் போனவருக்கும், இரத்த ஓட்டம் குன்றியவருக்கும், சிகரெட்டை விடாதவருக்கும் புது மூட்டு வைக்கத் தயங்குவார்கள். இந்த மூன்றும் நம் கடைத்தெருவில் எவ்வளவு மலிவு என்பதை நாம் சொல்ல வேண்டுமா?

அறுபதைக் கடந்த சாச்சாவுக்குப் புது மூட்டு வைத்தார்கள். பல வாரம் காலைத் தரையில் ஊன்றவில்லை. தலையணை மேல் உயர்த்தியே வைத்திருந்தார். வீக்கம் வற்ற மாதங்கள் பிடித்தன. கடையைப் பிள்ளைகள் பார்த்துக் கொண்டார்கள்; கடை ஒன்றும் மூழ்கிவிடவில்லை. இப்போது கடையிலிருந்து பள்ளிக்கு நடந்தே வருகிறார், அல்ஹம்து லில்லாஹ். ஓடவோ குதிக்கவோ கூடாது. அத்தஹிய்யாத்து இருப்பில் பாதம் முன்போல் மடங்குவதில்லை. அதற்கு மட்டும் நாற்காலி. வெட்கம் போய்விட்டது.

ஒளுவைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். புண் ஆறிய பின் வழக்கம் போல் கணுக்கால் வரை கழுவ வேண்டியதுதான். உலோகம் தோலுக்குள் இருக்கிறது. கட்டு இருக்கும் காலத்தில், கழுவக்கூடிய இடத்தைக் கழுவி, கட்டின் மேல் ஈரக்கையால் மஸஹு செய்வது. ஷாஃபிஈ மத்ஹபில் அத்தோடு தயம்மும் சேரும். கட்டுப் போடுமுன் ஒளு இருக்க வேண்டுமா, பிறகு தொழுகையைத் திருப்ப வேண்டுமா என்பவற்றை ஆஸ்பத்திரிக்குப் போகுமுன்பே உங்கள் இமாமிடம் கேட்டு வைத்துக் கொள்ளுங்கள்.

வஸ்ஸலாம்.